புழு அரிக்காத ஓட்டைகள்

அத்தியாயம் 6

கீழக்கரையில் அப்துல் குத்தூஸ் வீட்டு முன்கூடத்தில் எட்டு நாற்காலிகள் உண்டு. அந்த வெள்ளிக்கிழமை காலை அதில் ஐந்து காலியாகத்தான் இருந்தன. இருந்தும் வேல்சாமியைப் பாயில் உட்காரச் சொன்னார்கள். வேல்சாமி கோபித்துக்கொள்ளவில்லை. பத்து வருடம் பஸ் கண்டக்டராக நின்றுகொண்டே பிழைத்தவன் அவன். பயணிகளுக்குச் சில்லறையோடு சேர்த்து அறிவுரையும் கொடுத்ததால் வேலை போனது. உட்கார எந்த இடம் கிடைத்தாலும் அவனுக்குப் பதவி உயர்வுதான்.

நாற்காலி கிடைத்தது அவனுடைய முதலாளியம்மா ராமலெட்சுமிக்கு. ராமநாதபுரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்திரண்டு வருடம் ஊராரின் பேச்சை இணைத்துக் கொடுத்தவள். இணைத்ததோடு நிற்காமல் கேட்டும் பழகியவள். வேலையை விட்ட பிறகு அந்தப் பழக்கத்தை விட முடியாததால் ஒரு புரோட்டாக் கடை மாடியில் துப்பறியும் நிலையம் திறந்துவிட்டாள். தொண்ணூற்றாறாம் வருடக் கணக்கில் அந்த ஜில்லாவில் அவள் ஒருத்திதான் துப்பறியும் பெண்மணி என்று வேல்சாமி சொல்லுவான். இன்னொருத்தி இருக்கிறாளா என்று யாரும் தேடியதில்லை.

"நீங்க போலீஸா?" என்றார் குத்தூஸ்.

"இல்ல."

"அப்ப உங்களை யாரு கூப்பிட்டது?"

"உங்க மக. நேத்து போன் பண்ணுச்சு. 'எம் மாப்பிள்ளை களவாணி இல்ல, கண்டுபிடிச்சுச் சொல்லுங்க'ன்னுச்சு. இன்னைக்கு ஜும்ஆ தொழுகை முடியுறதுக்குள்ள சொல்லணுமாம்."

கூடத்துக்கும் உள்வீட்டுக்கும் நடுவே தொங்கிய பச்சைத் திரை லேசாக அசைந்தது. அந்த மகள், தாஜுன்னிசா, அதன் பின்னால்தான் நின்றாள் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பது அந்த வீட்டு மரியாதை.

விவகாரம் இதுதான். குத்தூஸ் ரத்தின வியாபாரி. பெல்ஜியத்தில் அவருக்குக் கூட்டாளியாக இருந்த யூதர் ஒருவர், கடையை மூடிய வருடம் ஒரு புத்தகத்தை அன்பளிப்பாகக் கொடுத்தார். ஆயிரம் வருடத்துக்கு முன்பு எபிரேய மொழியில் கையால் எழுதப்பட்ட வேதச் சுவடி ஒன்றின் அச்சு அசலான நகல். மொத்தமே ஐநூறு பிரதி. குத்தூஸிடம் இருந்தது இருநூற்றுப் பன்னிரண்டாவது. பதினான்கு வருடம் பீரோவுக்குள் கிடந்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை. மெட்ராஸில் ஒரு சேகரிப்பாளர் அதற்கு ஒரு வீட்டு விலை தருவதாகச் சொன்னதும் குத்தூஸ் அதைத் தன் பரம்பரைச் சொத்தைப் போல ஊரெல்லாம் பேசித் தீர்த்துவிட்டார்.

போன வாரம் வியாழக்கிழமை காலை புத்தகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காற்றாட வைத்துவிட்டு, வாங்குகிறவரைப் பார்க்க மெட்ராஸ் போனார். ஞாயிற்றுக்கிழமை திரும்பினால் பெட்டி இருந்தது, புத்தகம் இல்லை. வெளியாள் வந்த தடயம் இல்லை. வீட்டில் அவரை விட்டால் ஆண்பிள்ளை ஒருவன்தான். மருமகன் சுஐபு.

அந்தச் சுஐபு எதிர் நாற்காலியின் நுனியில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவனைப் போல உட்கார்ந்திருந்தான். இருபத்தாறு வயது. பெரியபட்டினத்துப் பிள்ளை. கீழக்கரையில் வீடு பெண்ணுக்குத்தான் சீதனம், மாப்பிள்ளைதான் அங்கே குடிவர வேண்டும். வந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. சட்டையின் இரண்டாவது பித்தானுக்குப் பதில் ஊக்கு. ஜும்ஆவுக்குப் பிறகு ஊர்ப் பெரியவர்களின் ஜமாஅத் கூடி, 'எடுத்தான்' என்று முடிவானால், அவன் தாய் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். பிறகு அந்தப் பெண்ணும் அவனும் எந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடப்பது?

"தம்பி, நீங்க என்ன சொல்றீக?" என்று கேட்டாள் ராமலெட்சுமி.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லக்கா."

"பார்த்தீங்களா? அஞ்சு நாளா இதே பாட்டு," என்றார் குத்தூஸ். பிறகு, விருந்தாளிக்கு அல்வா எடுத்து வைப்பது போலப் பெட்டியை மேசையில் வைத்தார். கன்றுத்தோல் பெட்டி. ஓரமெல்லாம் தங்கக் கோடு. உள்ளே நம்பர் போட்ட கெட்டி அட்டை ஒன்றும் விளக்கக் காகிதம் ஒன்றும் இருந்தன.

"இதைப் படிங்க. அசல்ல புழு அரிச்ச ஓட்டை எங்கெங்க இருக்கோ, நகல்லயும் அங்கங்கயே கையால வெட்டியிருக்கான். கறை இருந்த எடத்துல கறை. கிழிஞ்ச எடத்துல கிழிசல். ஓட்டைக்கும் சேர்த்துத்தான் விலை."

"எங்க வீட்டு ரேஷன் கார்டுலயும் ஓட்டை இருக்கு முதலாளி," என்றான் வேல்சாமி. "ஒருத்தனும் கேக்க மாட்டேங்கிறான்."

குத்தூஸ் அதைக் காதில் வாங்கவில்லை. வேல்சாமி பெட்டியின் தங்கக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தான். "என்ன பளபளப்பு. நானா இருந்தா பெட்டியத்தேன் தூக்கியிருப்பேன்."

ராமலெட்சுமி அவனைத் திரும்பிப் பார்த்தாள். வாயை மூடச் சொல்கிறாள் என்று நினைத்து அவன் கையை எடுத்துக்கொண்டான்.

"புத்தகத்தை எங்கன வச்சீக?" என்று அவள் குத்தூஸிடம் கேட்டாள்.

"உள் ஜன்னலோரம். தட்டையா விரிச்சா முதுகு உடைஞ்சிரும்னு காகிதத்துல போட்டிருக்கான். அதனால குர்ஆன் ஓதுற மடக்குப் பலகையில விரிச்சு வச்சேன். அளவெடுத்த மாதிரிப் பொருந்துச்சு."

"வீட்டுப் பொம்பளைகள்ட்ட சொன்னீகளா?"

"அவங்கள்ட்ட எதுக்கு? காணாமப் போன பிறகு சொன்னேன், பெல்ஜியத்துப் புத்தகம், தங்கக் கோடு போட்ட சாமான், பார்த்தீங்களான்னு. பார்க்கலைன்னாங்க."

ராமலெட்சுமி எழுந்து திரையை விலக்கி உள்ளே போய்விட்டாள். போலீஸ்காரர் யாராவது வந்திருந்தால் இந்தக் கூடத்தோடு நின்றிருப்பார். பெண்ணாகப் பிறந்ததில் அவளுக்குத் தொழில் லாபம் இது ஒன்றுதான் என்று அவளே சொல்லுவாள்.

கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தவள் வேல்சாமியை வாசலுக்குக் கூப்பிட்டு, சாண் அகலத்தில் ஒரு வெள்ளைத் துணியை அவன் கையில் திணித்தாள். எலுமிச்சை ஊறுகாய் வாசம் அடித்தது.

"ஏலே வேலு, இந்தத் துணி எந்தக் கடையில வாங்குனது, யாரு வாங்குனா, எம்புட்டு வாங்குனா. விசாரிச்சுட்டு வா."

"அக்கா, வீட்டு விலைக்குப் புத்தகம் காணாமக் கெடக்கு. நீங்க ஊறுகாய் ஜாடியில துப்புத் துலக்குறீக."

"ஜாடி வாய்க்குப் பழைய வேட்டியக் கிழிச்சுக் கட்டுறதுதானே ஊர் வழக்கம்? இதைத் தொட்டுப் பாரு. மில்லுக் கஞ்சி போகாம மொடமொடங்குது. புதுத்துணிய எவலே ஜாடிக்குக் கட்டுவா? வேற எதுக்கோ வாங்கி மிஞ்சுனது இது."

வேல்சாமி மொபெட்டை மிதித்தான்.

முதல் இரண்டு கடையில் உதட்டைப் பிதுக்கினார்கள். மூன்றாவது வீரையாவின் ஜவுளிக்கடை. வீரையா துணியை முகர்ந்து பார்த்துவிட்டு, "நம்ம சரக்குதேன். ஊறுகாய் நம்மளது இல்ல," என்றார்.

"யாரு வாங்குனதுண்ணே?"

"இந்த ஊர்ல வெள்ளைக் காடாத்துணி வாங்க வாரவுகள்ட்ட 'யாருக்கு'ன்னு நான் கேக்கிறதில்ல தம்பி. கேட்டா அழுவாக. அழுத பிறகு பேரம் பேச மனசு வராது."

"யாரும் கேட்டு அழுதாகளா?"

"அதான் இல்ல. மய்யத்தைச் சுத்தி அடக்கன்னா அஞ்சாறு பேரு சேர்ந்து வந்து மொத்தமா வாங்குவாக. போன வெள்ளிக்கிழமை ஒருத்தரு தனியா வந்து ரெண்டே மீட்டருன்னாரு. சின்னப்புள்ளை எதுவும் தவறிருச்சோன்னு நாலு தெரு விசாரிச்சேன். ஒரு வீட்லயும் ஒண்ணுமில்ல. நல்லதாப் போச்சு."

"அந்த ஒருத்தரு யாரு?"

"குத்தூஸ் வீட்டுப் புது மாப்பிள்ளை. கடையத் தொறக்கையில வாசல்ல நிக்கிறாரு."

வேல்சாமிக்கு முகம் சுருங்கியது. யாரைக் காப்பாற்ற வந்தோமோ அந்த ஆசாமியின் பெயரே வந்து நிற்கிறது. பேசாமல் திரும்பியிருக்கலாம். ஆனால் பாதி வம்பைக் கேட்டுவிட்டு மீதியை விட்டுவிட்டுப் போகும் பழக்கம் அவன் வம்சத்திலேயே கிடையாது. வெள்ளைத்துணி போகும் இடம் அந்த ஊரில் ஒன்றுதான் என்று மையவாடிக்கு வண்டியை விட்டான்.

மையவாடிக் காவலர் முஹைதீன் அடக்கத்தலத்துக்குள் புகுந்த ஆடு ஒன்றை விரட்டிக்கொண்டிருந்தார். ஆடு அவரை மதித்ததாகத் தெரியவில்லை.

"பாய், போன வெள்ளிக்கிழமை இங்கன யாராச்சும் சின்ன மூட்டையோட வந்தாகளா?"

"வந்தாரே. குத்தூஸ் காக்கா மருமகன்."

"மூட்டையில என்ன?"

"கிழிஞ்ச கித்தாபு. ஓத முடியாத அளவுக்குக் கிழிஞ்சு போன ஏட்டைக் குப்பையில போட முடியுமா? கால்ல மிதிபடாம அந்த மூலையில குழி தோண்டி அடக்கிருவோம். எல்லா வீட்லயிருந்தும் வரும். மம்பட்டி கேட்டாரு, குடுத்தேன். அவரே தோண்டி வச்சு மூடிட்டுப் போனாரு."

வேல்சாமி அந்த மூலையைப் பார்த்தான். உடைமரத்து நிழலில் மண் மேடும் பள்ளமுமாக இருந்தது. எந்த மேடு எவர் வீட்டு ஏடு என்று அல்லாவுக்குத்தான் தெரியும்.

"அஞ்சு நாளா ஊரே இதைத்தானே தேடுது. நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே பாய்."

"'திருடனைப் பார்த்தியா'ன்னு கேட்டாங்க. பார்க்கலைன்னேன். மாப்பிள்ளையப் பார்த்தியான்னு யாரு கேட்டா?"

வேல்சாமி அடுத்த கேள்விக்குத் தாவினான். "மூட்டை எப்படி இருந்துச்சு?"

"மணமா இருந்துச்சு. நல்ல அத்தர். சுத்தித் தச்சிருந்த தையல் எறும்பு வரிசை மாதிரிப் பொடிசு. நான்கூட நினைச்சேன், இந்தக் காலத்துல இவ்வளவு பதனமா யாரு அனுப்புறான்னு. ஆனா அந்த மூலை கறையான் மண்ணு தம்பி. அத்தரு எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

திரும்பி வரும்போது மணி பன்னிரண்டுக்குப் பத்து. ராமலெட்சுமி வாசல் வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். வேல்சாமி வண்டியை நிறுத்தாமலே ஆரம்பித்துவிட்டான்.

"அக்கா, மூட்டையக் கட்டிருவோம். நம்ம பார்ட்டிதேன் களவாணி. என்னா மூளைங்கிறீக. பேங்கு லாக்கர் வேணாம், பரண் வேணாம். வேதம்னு சொல்லி மையவாடியில பொதைச்சிட்டா எவன் தோண்டுவான்? சத்தம் அடங்குன பிறகு எடுத்துக்கலாம். எனக்குக்கூட இது தோணியிருக்காது."

"உனக்கு என்னதேன் தோணியிருக்கு? மையவாடிக் காவலரு மூட்டை எப்படி இருந்துச்சுன்னு சொன்னாரா?"

"சொன்னாரு. எறும்பு வரிசை மாதிரித் தையலாம், நல்ல அத்தர் வாசமாம்."

"அது போதும், வா."

கூடத்தில் குத்தூஸ் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பத் தயாராக இருந்தார். சுஐபு அதே நாற்காலியில், அதே நுனியில்.

"புத்தகத்தைக் கொண்டுபோனது உங்க மாப்பிள்ளைதேன்," என்றாள் ராமலெட்சுமி.

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் சட்டென்று நின்றது. வேல்சாமியே திகைத்துப் போனான். கூப்பிட்டவளின் புருஷனையே பிடித்துக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

"நான் சொல்லல?" என்று குத்தூஸ் எழுந்தார். "வேலைக்கு வந்தவங்களே சொல்லிட்டாங்க. வா, பள்ளியில வச்சுப் பேசிக்குவோம்."

"உக்காருங்க. நான் இன்னும் முடிக்கல. உங்க மெட்ராஸ்காரரு இந்த நம்பர் அட்டை இல்லாம புத்தகத்தை வாங்குவாரா?"

"எப்படி வாங்குவார்? அட்டையும் பெட்டியும் இருந்தாத்தான் மதிப்பு."

"அப்ப விலை தெரிஞ்சு திருடுனவன் பெட்டி, அட்டை எல்லாத்தையும் சேர்த்துத் தூக்கியிருப்பான். விலை தெரியாத திருடன் என்ன செஞ்சிருப்பான்? இந்தா நம்ம வேல்சாமியே காலையில சொன்னான். பளபளங்கிற பெட்டிய எடுத்துக்கிட்டு ஓட்டைப் புத்தகத்தை விட்டுட்டுப் போயிருப்பான்."

களவுக்கு முன்மாதிரியாகத் தன்னைக் காட்டியதில் வேல்சாமிக்குச் சிறிது பெருமைதான்.

"இங்க ரெண்டும் நடக்கல," என்று தொடர்ந்தாள் அவள். "தங்கக் கோட்டை விட்டுட்டு, ஓட்டையும் கறையுமா இருந்ததை மட்டும் எடுத்திருக்கு. புதுத்துணியில சுத்தி, தச்சு, அத்தர் பூசி மையவாடியில அடக்கியிருக்கு. களவாண்ட சாமானுக்கு யாராச்சும் அத்தர் பூசுவாகளா? விலைக்காக எடுத்த கை இல்ல இது. வேதம்னு மதிச்சு எடுத்த கை. யாரு தச்சது தம்பி?"

சுஐபு முதல் தடவையாக நிமிர்ந்தான். "நான்தான் தச்சேன்."

"எறும்பு வரிசை மாதிரித் தைக்கத் தெரிஞ்சவருக்கு ஒரு பித்தான் தைக்கத் தெரியலையா? ஊக்குல நிக்குது சட்டை."

அவன் கை தானாக ஊக்கை மறைத்தது. பதில் வந்தது திரைக்குப் பின்னாலிருந்து. நிதானமான, கொஞ்சம் கரகரத்த குரல்.

"மாப்புள ஏன் இல்லாததைச் சொல்றாங்க? நான்தானே தச்சேன்."

அது ரம்ஜான் பீவி. குத்தூஸின் மனைவி. முன்கூடத்தில் ஆண்கள் இருக்கும்போது அவர் குரல் கேட்டது அந்த வீட்டுச் சுவர்களுக்கே புதிது.

"ஓதுற பலகையில ஒரு கித்தாபு விரிச்சுக் கெடந்துச்சு," என்றார் அவர். "வலப் பக்கத்துல இருந்து எழுதியிருக்கு. எழுத்துக்கு மேலயும் கீழயும் நம்ம ஓதுறதுல இருக்கிற மாதிரியே புள்ளி, கோடு. எனக்கு ஒரு எழுத்தும் புடிபடல. முன்னோருங்க காலத்து எழுத்தாக்கும்னு நினைச்சேன். பக்கத்துக்குப் பக்கம் ஓட்டை. கந்தலா வேதத்தை வீட்ல வச்சிருந்தா நல்லதா? வெள்ளிக்கிழமை காலையில தச்சு முடிச்சேன். பொம்பளை நான் மையவாடிக்குப் போக முடியாது. மாப்புளட்டக் குடுத்துவிட்டேன்."

"அதுதான்டி காணாமப்போன புத்தகம்," என்றார் குத்தூஸ்.

"நீங்க கேட்டது பெல்ஜியத்துப் புத்தகம்ல? தங்கக் கோடு போட்டதுன்னீங்க. நான் அடக்குனதுல ஒரு தங்கமும் இல்ல. ஓட்டைய வெளிநாட்டுல ஆளு வச்சு வெட்டுவாங்கன்னு நான் என்னத்தைக் கண்டேன்? பலகையில வைக்கும்போதாவது ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

குத்தூஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு எதுவும் இல்லை.

"தம்பி, ரெண்டும் ஒண்ணுதேன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள் ராமலெட்சுமி.

"ஞாயித்துக்கிழமை மாமா கத்தும்போதே தெரிஞ்சிருச்சு."

"பிறகு ஏன் வாயத் தொறக்கல?"

சுஐபு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "தொறந்தா அந்தச் சத்தம் அப்படியே மாமி மேல விழும். மாமி கையால சாப்பிடுறேன். மாமியக் காட்டிக் குடுத்தான்னு பேரு எடுக்கிறதுக்கு, களவாணிங்கிற பேரோட ஊருக்குப் போயிறலாம்னு நினைச்சேன்."

நாற்பது நாள் சாப்பாட்டுக்கு இவ்வளவு விசுவாசமா என்று வேல்சாமி யோசித்தான். பதினெட்டு வருடமாகத் தன் மாமியார் போட்ட சோற்றை நினைத்துப் பார்த்து, அந்தக் கணக்கை உடனே கைவிட்டான்.

குத்தூஸ் அதற்குள் கொல்லைப் பக்கம் பாய்ந்திருந்தார். "மம்பட்டி எங்க? யாராச்சும் மம்பட்டிய எடுங்க."

"மெதுவா முதலாளி," என்றான் வேல்சாமி. "அது கறையான் மண்ணாம். ஏழு நாளாச்சு. பெல்ஜியத்துக்காரன் வெட்டாத எடத்துல நாலு ஓட்டை விழுந்திருந்தா, அதுக்குத் தனி விலை கேக்கலாமா?"

குத்தூஸ் கொல்லை வாசலிலேயே நின்றுவிட்டார். அந்த நேரம் பள்ளிவாசலிலிருந்து தொழுகைக்கான பாங்கு கேட்டது. முடிந்ததும் திரைக்குப் பின்னாலிருந்து ரம்ஜான் பீவி சொன்னார்:

"முதல்ல தொழுகைக்குப் போங்க. எவங்கள்ட்ட மாப்புளையக் களவாணின்னு சொல்லி வச்சீங்களோ, அவங்கள்ட்டயே இல்லைன்னு சொல்லுங்க. அதைச் சொல்லாம மம்பட்டியத் தொட்டீங்கன்னா, இந்த வீட்ல மாப்புள இருப்பாங்க, நீங்கதான் வெளிய இருப்பீங்க. வீடு எம் மக பேர்ல இருக்கு."

மாமனாரும் மருமகனும் ஒன்றாகத்தான் படியிறங்கினார்கள். நடுவில் ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு இடைவெளி இருந்தது.

ராமலெட்சுமியும் வேல்சாமியும் பள்ளிவாசலுக்கு எதிர்ச்சாரியில் இருந்த சர்பத் கடையில் போய் நின்றார்கள். இரண்டு நன்னாரி சர்பத் தீர்ந்து மூன்றாவதை வேல்சாமி கேட்டபோது தொழுகை முடிந்து, சனம் வெளியே வர ஆரம்பித்தது. பேருரைக்காகப் போட்டிருந்த ஒலிபெருக்கியை அணைக்க அன்று ஏனோ யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஜமாஅத் தலைவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பது ஊரறிந்த சங்கதி. குத்தூஸ் அவர் காதருகே குனிந்து பேசிய இடம் ஒலிவாங்கிக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருந்திருக்க வேண்டும்.

"அந்த விஷயத்துல... நான் சொன்னது சரியில்ல," என்றது கோபுர உயரத்துக் குழாய்.

"எந்த விஷயம்? கேக்கல."

"மருமகன் விஷயம். அவரு எடுக்கல."

"எதைக் குடுக்கல?"

"எம் மருமகன் களவாணி இல்ல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

மூன்றாவது தடவை அது நான்கு தெருவுக்கும் கேட்டது. சர்பத் கடைக்காரன் எலுமிச்சையைப் பிழிவதை நிறுத்திவிட்டான். குழாயில் கொஞ்ச நேரம் இரைச்சல். குத்தூஸ் நடந்ததைச் சொல்வதும், யார் யாரோ 'அல்லா' என்பதும், யாரோ சிரிப்பை இருமலாக மாற்றுவதும் கேட்டன. பிறகு தலைவரின் குரல் தெளிவாக வந்தது.

"அந்த மூலையில ஊரு ஏடெல்லாம் கெடக்கு. மூஸா நபிக்கு எறங்குன வேதம்னா அதுக்கும் நம்மள்ட்ட மரியாதை உண்டு. ஆளாளுக்கு அங்க மம்பட்டி போடக்கூடாது. எடம் தெரிஞ்சது அடக்கின ஆளுக்கு மட்டும்தான். அவர் சம்மதிச்சு, அவர் கையால எடுத்துக் குடுத்தா எடுத்துக்குங்க. எங்களக் கேக்காதீங்க. மாப்பிள்ளையக் கேளுங்க."

தெருவில் நின்றவர்கள் அண்ணாந்து குழாயைப் பார்த்தார்கள், அங்கேதான் மாமனாரும் மருமகனும் நிற்கிறார்கள் என்பது போல.

"மாப்புள," என்றது குத்தூஸின் குரல். தொண்டையைச் செருமிக்கொண்டது. "கொஞ்சம்... எடுத்துத் தர்றீங்களா?"

நாற்பது நாளில் அந்த 'ங்க' இன்றைக்குத்தான் பிறந்திருக்கிறது என்று வேல்சாமி ராமலெட்சுமியின் காதில் சொன்னான். அவள் அவனைப் பேசாமல் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். ஐந்து நாளாக 'ஒண்ணும் இல்ல' என்றே சொல்லிவந்த மருமகனின் குரல் மிகவும் பணிவாக வந்தது.

"மாமிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் மாமா."